வாடகைக்கு விட வீடு வாங்குகிறீர்களா? குடிவருபவரின் கண்ணால் பாருங்கள்

கையில் பத்துப் பதினைந்து லட்சம் சேர்ந்துவிட்ட சம்பளக்காரருக்குச் சென்னையில் கிடைக்கும் முதல் யோசனை இதுதான்: "ஒரு ஃப்ளாட் வாங்கிப் போடுங்க, வர்ற வாடகையிலேயே இஎம்ஐ ஓடிடும்." சொல்பவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். அவர்களில் பலருடைய அப்பா அம்மா நங்கநல்லூரிலோ பெரம்பூரிலோ மனை வாங்கி, கீழே தாங்கள் இருந்துகொண்டு மாடியை வாடகைக்கு விட்டு, அந்த வருமானத்தில் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்கள். ஆனால் அன்று நடந்ததும் இன்று நாம் செய்யப்போவதும் ஒரே காரியமல்ல. அவர்கள் மண்ணை வாங்கினார்கள், அதன்மேல் சிறுகச் சிறுகக் கட்டினார்கள், பெரும்பாலும் கடனில்லாமல். நாம் வாங்குவது பதினான்கு மாடிக் கட்டடத்தின் ஒன்பதாவது மாடியில் ஆயிரம் சதுர அடி, அதுவும் இருபது வருடக் கடனில். வாடகை வீட்டில் முதலீடு செய்யவே கூடாது என்பது என் கட்சியல்ல. வாடகைக்காக வாங்குகிறோம் என்றால் வாடகைக் கணக்கை முதலில் போட வேண்டும், வீட்டை அதில் குடியிருக்கப்போகிறவரின் கண்ணால் பார்க்க வேண்டும் என்கிறேன். நாம் வசிக்க ஆசைப்படும் வீடும் நல்ல வாடகை தரும் வீடும் பெரும்பாலும் வேறு வேறு.

கணக்கிலிருந்தே தொடங்குவோம். 80 லட்சத்துக்கு இரண்டு படுக்கையறை ஃப்ளாட் ஒன்று என்று வைத்துக்கொள்வோம், மாத வாடகை 20,000. வருடத்துக்கு 2,40,000. விலையில் 3 சதவீதம். இந்திய நகரங்களில் குடியிருப்பு வாடகை பொதுவாக இந்த அளவைச் சுற்றித்தான் நிற்கிறது, சென்னையும் விலக்கல்ல. ஆனால் நீங்கள் போட்ட பணம் 80 லட்சம் மட்டுமல்ல. தமிழ்நாட்டில் முத்திரைத்தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 9 சதவீதம் வரை போகும். புதிய ஃப்ளாட்டின் முதல் விற்பனைக்குச் சலுகை உண்டு என்றாலும், மொத்தம் 87 லட்சம் என்று வைப்பதே பத்திரம். வரும் பக்கத்திலும் கழிவு இருக்கிறது. ஒருவர் காலிசெய்து அடுத்தவர் வருவதற்குள் வருடத்துக்கு ஒரு மாதமாவது பூட்டிக் கிடக்கும் என்று கொள்ளுங்கள், 20,000 போயிற்று. சொத்து வரி ஒரு 6,000. பெயின்ட், குழாய், கீசர், கதவுப்பூட்டு, பாத்ரூம் ஒழுகல் என்று சராசரியாக 24,000. கையில் நிற்பது 1,90,000. போட்ட பணத்தில் 2.2 சதவீதம்கூட முழுதாக இல்லை. அதே பணம் வங்கி வைப்பில் கிடந்தால் ஆறு, ஏழு சதவீதம் கொடுத்திருக்கும்.

இனி கடன். 60 லட்சம் கடன், 8.5 சதவீத வட்டி, இருபது வருடம் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 52,000. வாடகை 20,000. மீதி 32,000 உங்கள் சம்பளத்திலிருந்து போகிறது, வீடு பூட்டிக் கிடக்கும் மாதத்தில் முழு 52,000-மும். வாடகை இஎம்ஐயைக் கட்டும் என்பது எண்ணில் நிற்கவில்லை. வட்டியும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. 2019 அக்டோபர் முதல் வங்கிகள் புதிதாகத் தரும் மிதவை வட்டி வீட்டுக் கடன்கள் வெளி அளவுகோலோடு, பெரும்பாலும் ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதத்தோடு, கட்டப்பட்டிருக்கின்றன. 2022 மே மாதத்தில் 4 சதவீதத்தில் இருந்த ரெப்போ 2023 பிப்ரவரிக்குள் 6.5-க்கு ஏறியது. 6.75 சதவீதத்தில் 60 லட்சம் வாங்கியவரின் தவணை 45,600 அளவில் இருந்திருக்கும். வட்டி 9.25 ஆனதும் அந்த 60 லட்சத்துக்கு ஒரு மாத வட்டி மட்டுமே 46,250. பழைய தவணை வட்டிக்கே பற்றாது. பலருக்குக் கடன் காலம் நீண்டுகொண்டே போனதன் காரணம் இதுதான். பிறகு வட்டி இறங்கியது, உண்மை. ஆனால் அந்த இடைவெளியைத் தாக்குப்பிடிக்கக் கையிருப்பு இருந்தவர்தான் இறக்கத்தின் பலனை அனுபவித்தார்.

"வரி மிச்சமாகுமே" என்பார்கள். வாடகை வருமானத்தில் செலுத்திய சொத்து வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதம் பழுதுபார்ப்புக்கென்று கணக்குக் கேட்காமலே கழித்துக்கொள்ளலாம். கடன் வட்டியையும் கழிக்கலாம். இது நல்ல சலுகைதான், வைப்பு நிதி வட்டிக்கு இப்படி ஒன்றும் கிடையாது. ஆனால் நம் உதாரணத்தில் முதல் வருட வட்டி மட்டும் ஐந்து லட்சத்துக்கு மேல். கழித்தபின் மூன்றரை லட்சம் போல நஷ்டம் நிற்கும். பழைய வரி முறையில் அதில் 2 லட்சம் வரை சம்பளத்தில் ஈடுகட்டலாம், மீதியை எட்டு வருடம் வரை எடுத்துச் சென்று வீட்டு வருமானத்தில் மட்டும் கழிக்கலாம். புதிய முறையில் அந்த நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்கவே முடியாது. இப்போது இயல்பாக எல்லோரையும் சேர்ப்பது புதிய முறையில்தான். வரிச் சலுகையை நம்பி வீடு வாங்கச் சொல்பவர், நீங்கள் எந்த முறையில் இருக்கிறீர்கள் என்று முதலில் கேட்டாரா என்று பாருங்கள்.

ஆக வாடகை 2.2, மாற்றுவழி 7. இடையில் உள்ள ஏறத்தாழ 5 சதவீதத்தை வீட்டின் விலை ஏற்றம்தான் நிரப்ப வேண்டும், வருடா வருடம், தவறாமல். 87 லட்சம் பதினான்கு பதினைந்து வருடத்தில் இரட்டிப்பானால்தான் வைப்பு நிதிக்குச் சமம். கடன் வாங்கிய பகுதிக்கு இன்னும் வேகமாக ஏற வேண்டும். "சென்னையில் நிலம் இறங்கியதே இல்லை" என்று இதற்குப் பதில் வரும். இந்த நம்பிக்கையை எதிர்கொள்ள அரசின் ஆவணமே போதும். 2012-இல் தமிழ்நாடு அரசு, பத்திரப்பதிவுக்கு அடிப்படையான வழிகாட்டி மதிப்புகளைக் கடுமையாக உயர்த்தியது. சந்தை அந்த மதிப்பைத் தாங்கவில்லை, பத்திரப்பதிவு படுத்தது. 2017 ஜூனில் மாநிலம் முழுவதும் வழிகாட்டி மதிப்பு 33 சதவீதம் குறைக்கப்பட்டது, பதிவுக் கட்டணம் 1-லிருந்து 4 சதவீதமாக்கப்பட்டது. பழைய மதிப்புக்குத் திரும்பியது 2023 ஏப்ரலில்தான், அப்போது பதிவுக் கட்டணம் 2 சதவீதமானது. அந்தப் பத்தாண்டில் சென்னை ஃப்ளாட் விலைகள் நீண்ட காலம் நகராமல் கிடந்ததை அப்போது விற்க முயன்றவர்கள் அறிவார்கள். நிலம் நீண்ட ஓட்டத்தில் ஏறலாம், ஏறியும் இருக்கிறது. ஆனால் உங்களுக்குப் பணம் தேவைப்படும் அந்த வருடத்தில் ஏறியிருக்கும் என்று எழுதிக்கொடுக்க யாருமில்லை. விற்கும்போது ஆதாயத்தில் வரியும் உண்டு: 2024 ஜூலை 23-க்குப் பிறகு வாங்கும் சொத்துக்கு, விலைவாசி ஈடு இல்லாமல் 12.5 சதவீதம்.

இன்னொன்று. ஃப்ளாட்டில் விலை ஏறுவது கட்டடமல்ல, அதன் அடியில் உங்களுக்குப் பங்குள்ள மண். கட்டடம் வருடா வருடம் தேய்கிறது. பத்திரத்தில் யுடிஎஸ் என்று எழுதப்படும் பிரிக்கப்படாத நிலப்பங்கு எவ்வளவு என்பதில்தான் எதிர்கால விலை இருக்கிறது. சாதாரண உயரக் கட்டடங்களுக்கு இன்று நிலத்தைப்போல் இரண்டு மடங்கு தளப்பரப்பு கட்டலாம், உயர் அடுக்குகளுக்கு 3.25 மடங்கு. அதனால் ஆயிரம் சதுர அடி ஃப்ளாட்டுக்கு முதல் வகையில் சுமார் 500 சதுர அடி மண் சேரும், இரண்டாவதில் 300 சொச்சம்தான். முன்பு விதி ஒன்றரை மடங்காக இருந்த காலத்தில் கட்டிய பழைய மூன்று மாடிக் கட்டடத்தில் 600-க்கு மேல்கூடக் கிடைக்கும். இப்போது குடிவருபவரின் பக்கம் வாருங்கள். அவர் யுடிஎஸ்ஸுக்கு ஒரு பைசா தரமாட்டார். மாநகரப் பேருந்து, பள்ளி, தண்ணீர், வண்டி நிறுத்த இடம் ஆகியவற்றுக்குத் தருவார். வாடகை வருவது அறையிலிருந்து, விலை ஏறுவது மண்ணிலிருந்து. இரண்டும் ஒரே வீட்டில் நன்றாக அமைவது எங்கே என்று தேடுவதுதான் முதலீட்டாளரின் வேலை. புத்தம்புது உயர் அடுக்குகளில் அது பெரும்பாலும் அமைவதில்லை. பதினைந்து இருபது வருடம் பழைய, நடமாட்டமுள்ள பகுதியில் உள்ள, மின்தூக்கிகூட இல்லாத சின்னக் கட்டடங்களில் அமைகிறது. விலை குறைவு, வாடகை அந்த அளவுக்குக் குறைவதில்லை, மண் அதிகம்.

"பழைய கட்டடம் இடிந்து விழும் காலத்தில் என்ன செய்வது?" என்ற கேள்வி நியாயமானது. முன்பு ஒருவர் மறுத்தாலும் மறுகட்டுமானம் நின்றுபோகும். 2022-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும் என்று வழி திறந்திருக்கிறது. ஆறு, எட்டு வீடுகள் உள்ள கட்டடத்தில் அந்தச் சம்மதம் கூடிவரும். இருநூறு வீடுகள் உள்ள வளாகத்தில் எப்படி வரும் என்று யோசித்துப் பாருங்கள். புதியது என்பதற்காகப் பாதுகாப்பு என்றும் எண்ணிவிட வேண்டாம். 2014 ஜூன் 28-இல் மௌலிவாக்கத்தில் சரிந்தது கட்டி முடியாத பதினோரு மாடிக் கட்டடம், 61 உயிர்கள் போயின. வயதைவிட முக்கியம் அனுமதி பெற்ற வரைபடத்தின்படி கட்டியிருக்கிறார்களா என்பது. வரைபடத்தில் இல்லாத மேல்மாடி மலிவாகக் கிடைக்கும், எடுக்காதீர்கள். மூலப்பத்திரம், முப்பது வருட வில்லங்கச் சான்று, பட்டா, வரைபட அனுமதி, கட்டுமான நிறைவுச் சான்று எல்லாவற்றையும் ஒரு வழக்கறிஞரிடம் காசு கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வங்கி பார்த்துவிட்டது என்பது போதாது. வங்கி தன் கடனைப் பார்க்கிறது.

கட்டிக்கொண்டிருக்கும் ஃப்ளாட்டை வாடகை நோக்கில் வாங்குவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 5 சதவீத ஜிஎஸ்டி உண்டு, மலிவு விலை வகை என்றால் 1 சதவீதம். நிறைவுச் சான்று வந்தபின் வாங்கினால் அதுவும் இல்லை. கட்டி முடியும்வரை வாடகை கிடையாது, வட்டி மட்டும் ஓடும். வாடகைக்கு விடுவதற்கென்றால் முடிந்த வீடே போதும்.

இனி இடம். சென்னையில் இடத்தைத் தேர்ந்தெடுக்கச் சிறந்த மாதங்கள் மேயும் நவம்பரும் என்பேன். நவம்பர் மழையில் பார்க்க வேண்டியது தெருவில் தண்ணீர் நிற்கிறதா என்று. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரி, முடிச்சூர், பள்ளிக்கரணையைச் சுற்றிய தெருக்களில் தண்ணீர் நின்றது. எட்டு வருட இடைவெளியில் ஒரே இடங்கள். பள்ளிக்கரணை சதுப்புநிலம் 2022-இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அது தண்ணீர் வந்து தங்குவதற்கென்றே இயற்கை வைத்த இடம், அதன் ஓரத்தில் எந்தத் தெரு உயரமானது என்று அங்கே குடியிருப்பவர்களுக்குத் தெரியும். தரைத்தளத்தில் ஒருமுறை வெள்ளம் புகுந்தால் ஓடிப்போவது அந்த மாத வாடகை மட்டுமல்ல. குடியிருந்தவரின் ஃப்ரிட்ஜ், துணி, பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாம் போகும், அவர் மனசாட்சியோடு அடுத்தவருக்கு இந்த வீட்டைச் சிபாரிசு செய்யமாட்டார். மே மாதத்தில் பார்க்க வேண்டியது குழாயில் தண்ணீர் இருக்கிறதா என்று. 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது பழைய மகாபலிபுரம் சாலையில் லாரித் தண்ணீருக்காக வரிசை நின்றது, வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்று நிறுவனங்கள் சொல்லும் நிலை வந்தது. லாரித் தண்ணீரை நம்பிய வளாகத்தில் அந்தச் செலவு பராமரிப்புக் கட்டணத்தில் ஏறும். குடிவருபவர் வாடகையையும் பராமரிப்பையும் கூட்டித்தான் பார்ப்பார். நீச்சல் குளம், உடற்பயிற்சிக் கூடம் என்று சதுர அடிக்கு ஐந்து ரூபாய் வசூலிக்கும் இடத்தில் ஆயிரம் சதுர அடிக்கு மாதம் ஐயாயிரம். அவர் 25,000 தரத் தயாராக இருந்தால் உங்களுக்கு வருவது 20,000. அந்த நீச்சல் குளத்துக்கு விலையிலும் பணம் கொடுத்தீர்கள், வாடகையிலும் கொடுக்கிறீர்கள்.

வேலை வாய்ப்புள்ள இடமாகப் பார்க்க வேண்டும் என்பது சரி. ஆனால் ஒரே வகை வேலையை மட்டும் நம்பிய இடத்தில் ஆபத்தும் ஒரே நாளில் வரும். 2020-இல் கொரோனாவால் ஐடி ஊழியர்கள் சொந்த ஊருக்குத் திரும்பியதும் சோழிங்கநல்லூர், நாவலூர், சிறுசேரிப் பக்கம் வீடுகள் பூட்டிக் கிடந்தன. இரண்டு வருடம் கழித்து அலுவலகங்கள் திரும்ப அழைத்ததும் வாடகை ஏறியது என்பது வேறு, இடையில் தவணை நிற்கவில்லையே. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் தொழிற்சாலைப் பெண்களை நம்பி வீடுகளை விடுதிகளாக்கியவர்களுக்கு வேறு வகைச் சோதனை. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பை அரசு திறந்தது. தொழிலாளர்களுக்கு அது மிக நல்ல காரியம். ஆனால் அவர்களுக்குப் படுக்கைக் கணக்கில் அறை வாடகைக்கு விட்டிருந்தவர், அத்தனை இடம் ஒரே நாளில் சந்தைக்கு வரும் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும். தாம்பரம், குரோம்பேட்டை, பெரம்பூர், போரூர் போன்ற இடங்களின் பலம் அங்கே மருத்துவமனை ஊழியர், ஆசிரியர், ரயில்வே ஊழியர், கடைக்காரர், ஐடி ஊழியர், ஓய்வுபெற்றவர் என்று பலவகையினர் வாடகைக்கு வருவதுதான். ஒரு வகையினர் போனால் இன்னொருவர் வருவார். மெட்ரோ வரப்போகிறது என்பதற்காக அதிக விலை கொடுப்பவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டாம் கட்டத்தின் 118.9 கிலோமீட்டரின் நன்மையை விற்பவர் இன்றைய விலையிலேயே ஏற்றிவிட்டார். வாடகை ஏறுவது ரயில் ஓடத் தொடங்கியபின். இடைப்பட்ட வருடங்களில் தோண்டிய சாலையும் தூசியும் வாடகையைக் குறைக்கத்தான் செய்யும்.

இவ்வளவுக்கும் வலுவான மறுப்பு ஒன்று உண்டு. வைப்பு நிதியின் வட்டி ஏறாது, வாடகை ஏறும். இதை நான் முழுமையாக ஏற்கிறேன். வருடம் 6 சதவீதம் ஏறினால் 20,000 ரூபாய் வாடகை பத்து வருடத்தில் 36,000-ஐ நெருங்கும், போட்ட 87 லட்சத்தின்மேல் அது ஏறத்தாழ 5 சதவீதம். ஓய்வுக் காலத்துக்கு விலைவாசியோடு சேர்ந்து ஏறும் வருமானம் வேறு எளிதில் கிடைப்பதில்லை. வாடகை வீட்டின் உண்மையான பலம் இதுதான். ஆனால் இந்தப் பலம் இரண்டு நிபந்தனைகளின் மேல் நிற்கிறது. வாடகை இடைவெளி விடாமல் வர வேண்டும், அந்தப் பத்து வருடமும் கடன் உங்களை அமுக்கிவிடக் கூடாது. அதனால்தான் கடனை விலையில் பாதிக்குள் நிறுத்துங்கள் என்கிறேன், ஆறு மாதத் தவணையைத் தனியாக வையுங்கள் என்கிறேன். பாதி பணம் கையில் இல்லாதவர் இன்னும் சில வருடம் சேமிப்பதில் நஷ்டமொன்றுமில்லை. ஏறுகிற விலையைத் தவறவிடுவோம் என்ற பயம்தான் அவரை விற்பவரிடம் தள்ளுகிறது.

கணக்கு நன்றாக நிற்கும் ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்லாமல் விடக் கூடாது. குடும்பத்தில் ஏற்கெனவே ஒரு மனை இருக்கிறது, ஒரு கிரவுண்டு, 2,400 சதுர அடி, பழைய ஓட்டு வீடோ வெறும் மண்ணோ. விற்கும் எண்ணம் வீட்டில் யாருக்கும் இல்லை. அதில் 3,000 சதுர அடி கட்ட, சதுர அடிக்கு 2,500 என்று வைத்தால், 75 லட்சம். எழுநூறு எழுநூற்றைம்பது சதுர அடியில் நான்கு சின்ன வீடுகள், ஒவ்வொன்றும் 13,000 என்றால் மாதம் 52,000, வருடம் 6,24,000. கட்டுமானச் செலவின்மேல் 8 சதவீதத்துக்கு மேல். மண்ணின் விலையைச் சேர்த்தால் சதவீதம் இறங்கும், உண்மைதான். ஆனால் விற்கப்போவதில்லை என்று முடிவான மண் இதுவரை எதுவும் தரவில்லை. சின்ன வீட்டுக்குச் சதுர அடி வாடகை எப்போதும் அதிகம், நான்கில் ஒன்று காலியானாலும் மூன்று வந்துகொண்டிருக்கும். 87 லட்சத்தை ஒரே ஃப்ளாட்டில் போட்டவருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. எத்தனை வீடு என்பதை வரைபடத்தில் காட்டி அனுமதி வாங்குங்கள், ஒவ்வொன்றுக்கும் தனி மின் இணைப்பு வையுங்கள். ஒரே மீட்டரிலிருந்து துணை மீட்டர் போட்டு யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் பழக்கம் பல தெருக்களில் இருக்கிறது. வீடுகளுக்கு அரசு தரும் முதல் 100 யூனிட் இலவசம் குடியிருப்பவரைச் சேராமல் போவது அவர் பையிலிருந்து எடுப்பதற்குச் சமம்.

வாங்கியபின் செய்யும் காரியங்களில் முதலாவது, நல்ல குடித்தனக்காரரைத் தக்கவைப்பது. இதிலும் எண்ணே பேசட்டும். 20,000 வாடகையை 5 சதவீதம் ஏற்றினால் 21,000, 10 சதவீதம் ஏற்றினால் 22,000. வித்தியாசம் வருடத்துக்கு 12,000. அந்தப் பத்து சதவீதம் தாங்காமல் அவர் காலிசெய்தால் ஒரு மாத வாடகை 20,000, பெயின்ட்டும் சில்லறை வேலையும் தரகும் இன்னொரு 20,000 என்று கொள்ளுங்கள். 40,000 இழப்பு, அந்தக் கூடுதல் 12,000-ஐ வைத்து ஈடுகட்ட மூன்று வருடத்துக்கு மேல் ஆகும். ஒழுங்காகக் கொடுப்பவருக்குச் சந்தையைவிடச் சற்றுக் குறைவாக வைப்பது தருமமல்ல, லாபம். மோட்டார் பழுதானால் அன்றே ஆளை அனுப்புவதும் அப்படியே. ஒழுகும் குழாயை மூன்று வாரம் தள்ளிப்போடும் உரிமையாளர்தான் "இப்ப யாரும் நிலையா இருக்கறதில்லை" என்று அலுத்துக்கொள்வார்.

டு-லெட் பலகையின் கீழே எழுதப்படும் நிபந்தனைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சைவம் மட்டும், குடும்பம் மட்டும், இன்ன மதத்தினருக்கு இல்லை, தனியாக இருக்கும் பெண்ணுக்கு இல்லை. போனில் பெயரைக் கேட்டதும் "வீடு போயிடுச்சுங்க" என்ற பதில். இது அநியாயம், அதைச் சொல்ல எனக்குக் கணக்கு தேவையில்லை. வேலைக்காக ஊர்விட்டு ஊர் வந்த ஒருவர் பெட்டியோடு நாற்பது வாசல் ஏறி இறங்கும் ஊராக நம் ஊர் இருக்கக் கூடாது. ஆனால் முதலீடு என்று பேசுகிறவர்கள் ஒன்றையாவது யோசிக்கலாம்: வரக்கூடிய பத்துப் பேரில் ஆறு பேரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டு மீதி நாலு பேருக்காகக் காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் வருட வாடகையில் 8 சதவீதத்துக்கு மேல் போகிறது. கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. வேலை நிலையானதா, முந்தைய வீட்டில் வாடகை ஒழுங்காக வந்ததா, எத்தனை பேர் தங்குவார்கள். இந்த மூன்றுக்கும் நேரான பதில் சொல்பவர் எந்தச் சாமியைக் கும்பிட்டால் என்ன, என்ன சாப்பிட்டால் என்ன?

ஒப்பந்தம். முத்திரைத்தாளில் பதினோரு மாதத்துக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டு அலமாரியில் வைப்பதுதான் இன்னமும் பலர் செய்வது. 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் இடத்தில் 2017-இல் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் தமிழ்நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி எந்தக் குடித்தனமும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். பதினோரு மாதம் என்று எழுதித் தப்புவது இங்கே செல்லாது. வாடகை இரு தரப்பும் ஒத்துக்கொண்டதுதான், அரசு நிர்ணயிக்கும் நியாய வாடகை என்ற பழைய ஏற்பாடு இதில் இல்லை. ஏற்றம் எவ்வளவு, பராமரிப்பு யார் பொறுப்பு, காலிசெய்ய எத்தனை மாத முன்னறிவிப்பு, போகும்போது பெயின்ட்டுக்கு ஒரு மாத வாடகை கழிக்கும் வழக்கம் உண்டா இல்லையா, எல்லாவற்றையும் எழுதிவிடுங்கள். தகராறுகளில் பெரும்பகுதி இந்தப் பெயின்ட் கணக்கில்தான் தொடங்குகிறது. உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறார் என்றால், வாடகை கொடுப்பவர் வரி பிடித்துக் கட்ட வேண்டிய பொறுப்பும் இருக்கிறது. சிங்கப்பூரிலும் துபாயிலும் இருந்துகொண்டு சென்னையில் வாங்குபவர்கள் இதைக் குடிவருபவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

வாடகைக்குப் பதில் மொத்தமாக ஒரு தொகை வாங்கி லீசுக்கு, தென் மாவட்டங்களில் ஒத்திக்கு, விடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். 20,000 வாடகை பெறும் வீட்டுக்கு 10 லட்சம் வாங்கினால், அதை 7 சதவீதத்தில் போட்டால் வருடம் 70,000. வாடகையாக வந்திருக்க வேண்டியது 2,40,000. அதிக வட்டிக் கடன் ஒன்றை அடைக்க வேண்டிய நெருக்கடி இருந்தால் தவிர, இது கட்டுப்படியாகாது. அந்தத் தொகையைச் செலவழித்துவிட்டு, திருப்பித் தர அடுத்த லீசுக்காரரைத் தேடும் நிலையில் பலர் இருக்கிறார்கள். அட்வான்ஸும் இதே பாதையில்தான் தொலைகிறது. சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வாங்கும் பழைய வழக்கம் இன்னமும் முழுதாகப் போகவில்லை, புதிய சட்டம் வேறு ஒப்பந்தம் இல்லாதபோது மூன்று மாதம் என்கிறது. மூன்று மாதமே வாங்குங்கள் என்பது என் அபிப்பிராயம். சம்பளத்தை நம்பி ஊருக்குப் புதிதாக வரும் நல்ல குடும்பம் இரண்டு லட்சத்தை ஒரே நாளில் எடுத்துவைக்க முடியாமல்தான் உங்கள் வீட்டைத் தாண்டிப் போகிறது. வாங்கிய தொகையைத் தனி வைப்பில் போட்டுவையுங்கள், வட்டியை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம். காலிசெய்பவர் சாவியைக் கொடுக்கும் அதே நாளில், மின் கட்டணம் கழித்து, மீதியை அவர் கணக்குக்கு அனுப்ப முடிய வேண்டும். அவர் அடுத்த வீட்டு உரிமையாளருக்குக் கொடுக்க வேண்டிய அட்வான்ஸ் அதிலிருந்துதான் போகிறது.